தங்கச்சிமடம் ஐந்து பேருக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயமா? (தூக்குத் தண்டனை – விவாத இழை)

ஓலைக்குடா ராஜா

வாரத்துக்கு ஒருவராவது இங்கே வந்து "இவனையெல்லாம் நடுத்தெருவில் வைத்துத் தூக்கில் போடணும்" என்று எழுதிவிட்டுப் போகிறார், கீழே வரிசையாகக் கைதட்டல் விழுகிறது. நான் வழக்கமாகக் கடந்து போய்விடுவேன். இந்த முறை கேட்டே விடுகிறேன், ஏனென்றால் கைதட்டியவர்களில் பாதிப் பேர் 2014-இல் தங்கச்சிமடத்தில் என்னோடு ரோட்டில் உட்கார்ந்தவர்கள்.

புதிய பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 நவம்பரில் தங்கச்சிமடம் மீனவர்கள் ஐந்து பேரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. எல்லை தாண்டிய வழக்கு இல்லை, போதைப்பொருள் கடத்திய வழக்கு. மூன்று வருடம் உள்ளே இருந்தார்கள். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் ஐந்து பேருக்கும் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னது. சேதி வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பஸ் எரிந்தது, ராமேஸ்வரம் ரயில் நின்றது. நவம்பர் 19-இல் ராஜபக்சே மன்னிப்புக் கொடுக்கிற வரைக்கும் இந்தக் கரையில் ஒரு வாய்கூட "சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்" என்று சொல்லவில்லை.

இன்னொன்று. அதே வழக்கில் அதே நாளில் இலங்கைக்காரர்கள் மூன்று பேருக்கும் தூக்கு விதித்தார்கள். மன்னிப்பு நம் ஐந்து பேருக்கு மட்டும்தான் வந்தது. அந்த மூன்று பேருக்காக இங்கே யாரும் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றவில்லை, நானும் ஏற்றவில்லை.

இப்போது சொல்லுங்கள். நம் ஆளுக்கு வந்தால் தூக்கு அநியாயம், ஊர் பேர் தெரியாதவனுக்கு வந்தால் நியாயமா?

பரமக்குடி பையன்

அண்ணே, அது பொய் வழக்கு. கஷ்டப்பட்டுக் கடலுக்குப் போனவனையும் குழந்தையைக் கெடுத்துக் கொன்றவனையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஓலைக்குடா ராஜா

பொய் வழக்கு என்று நாம் சொன்னோம் தம்பி. கொழும்பு நீதிமன்றம் சாட்சி விசாரித்து, ஆதாரம் பார்த்து, குற்றவாளி என்றுதான் சொன்னது. தூக்குத் தீர்ப்பு வாங்கிய ஒவ்வொருவனின் அம்மாவும் பொய் வழக்கு என்றுதான் சொல்கிறாள், அவள் பின்னால் நிற்க ஒரு தீவே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் பிள்ளைகள் விஷயத்தில் நீதிமன்றம் தப்புப் பண்ணும் என்று நம்ப முடிந்ததென்றால் மற்றவன் விஷயத்தில் ஏன் முடியாது?

வடகாடு அக்கா

தங்கச்சிமடத்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் ராஜா. 2022 மே மாதத்தை மறந்துவிட்டீர்களா? கடல்பாசி எடுக்கப் போன பெண்ணை இறால் பண்ணைப் பக்கம் என்ன பாடு படுத்தி, கொன்று, எரித்துப் போட்டிருந்தார்கள் என்று இந்தத் தீவில் தெரியாதவர் கிடையாது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்கோடு கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கி எடுக்கிற வேலை அது. கரையில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. அதற்கப்புறம் எங்கள் பக்கத்துப் பெண்கள் தனியாகப் போவதையே விட்டுவிட்டார்கள். கூட்டு சேரவில்லை என்றால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பாத்தியமும் இல்லை.

அப்படிச் செய்தவனுக்குத் தூக்கு வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்து யாராவது சொல்லட்டும். சட்டப் புத்தகம், மனித உரிமை எல்லாம் எனக்கும் தெரியும், ஐந்தாறு வருடம் மகளிர் குழுவில் வேலை பார்த்தவள்தான். உயிரை எடுத்தவன் வருடக் கணக்கில் அரசாங்கச் சோறு தின்றுவிட்டு நல்லவன் என்று சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வெளியே வருவதை என்னால் ஏற்க முடியாது.

மண்டபம் கேம்ப்

அக்கா சொல்வது சரி. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் முழுசாகச் சொல்லிவிடுவோம். விசாரணை தொடங்குவதற்குள் கூட்டம் பண்ணைக்குள் புகுந்து அங்கே வேலை பார்த்த வெளிமாநிலத்து ஆட்களை அடித்து நொறுக்கியது. யார் செய்தது, யார் செய்யவில்லை என்று எவன் பார்த்தான்? இந்தி பேசினாயா, அடி. போலீஸ் வந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை என்றால் அன்றே தூக்குத் தண்டனை முடிந்திருக்கும், சம்பந்தமில்லாதவனுக்கும் சேர்த்து.

தொண்டி வக்கீல்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் கொலைக்குத் தூக்கு என்பது விதி இல்லை, ஆயுள்தான் விதி. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் "அரிதிலும் அரிதான" வழக்குகளுக்கு மட்டும்தான் தூக்கு என்று சொல்லிவிட்டது. ஆனால் எது அரிதிலும் அரிது என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறுகிறது, அதுதான் சிக்கல். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கீழ் நீதிமன்றங்கள் விதித்த தூக்கில் மேல்முறையீடெல்லாம் முடிந்து கடைசிவரை நின்றது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நூற்றுக்குக் கிட்டத்தட்ட முப்பது பேர் முழு விடுதலை. தூக்குக் கொட்டடியில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏழைகள். வசதியுள்ளவன் முதல் நாளே நல்ல வக்கீலை வைக்கிறான், சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பிய்த்து எடுக்கிறான். இல்லாதவனுக்கு இலவச சட்ட உதவியில் ஒரு ஜூனியர் வருவார், கேஸ் கட்டை அன்று காலையில்தான் பிரிப்பார். நானும் ஒரு காலத்தில் அந்த ஜூனியர்தான்.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டது ஆட்டோ சங்கர், 1995 ஏப்ரலில் சேலம் சிறையில். அதற்குப் பிறகு எத்தனை தூக்குத் தீர்ப்பு வந்தது, ஒன்றுகூட நிறைவேறவில்லை. உடுமலை சங்கர் ஆணவக் கொலையில் திருப்பூர் நீதிமன்றம் 2017-இல் ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தது. 2020-இல் உயர் நீதிமன்றம் ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது, பெண்ணின் அப்பாவை விடுதலையே செய்துவிட்டது. தர்மபுரி பஸ் எரிப்பில் மூன்று மாணவிகள் கருகினார்களே, அதில் தூக்கு வாங்கிய மூன்று பேருக்கும் 2016-இல் ஆயுள், 2018-இல் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ராஜீவ் வழக்கு உங்களுக்கே தெரியும், 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளானது, 2022-இல் எல்லோரும் வெளியே.

அதனால் தீர்ப்பு வந்த அன்று வெடி வெடித்துக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை என்கிறேன். அது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்கிற பின்தேதியிட்ட செக். பெரும்பாலும் திரும்பி வருகிறது.

வடகாடு அக்கா

செக் திரும்பி வருகிறது என்றால் பேங்கைச் சரி பண்ணுங்கள் வக்கீல். செக்கே வேண்டாம் என்கிறீர்களே. நீங்கள் போட்ட பட்டியல் முழுக்க என் கட்சிக்குத்தான் சாட்சி. தர்மபுரியில் எரித்தவன் வெளியே வந்தான். அந்த மூன்று பிள்ளைகள் வரவில்லை.

உச்சிப்புளி மாமா

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். சவூதியில் பாருங்கள். திருடினால் கை போச்சு, கொன்றால் தலை போச்சு. கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போகிறான், ஒரு பொருள் காணாமல் போகாது. பயம் இருந்தால்தான் ஒழுக்கம் வரும். நம் ஊரில் பயம் இல்லை.

கீழக்கரை காக்கா

மாமா, நான் அந்த ஊரில் பாதி ஆயுளைக் கழித்தவன், கடை திறந்து கிடந்ததையும் பார்த்தேன். நீங்கள் பார்க்காதது ஒன்று இருக்கிறது. அங்கே கொலைக்கு ரத்தப் பணம் என்று ஒன்று உண்டு. செத்தவன் குடும்பம் பணத்தை வாங்கிக்கொண்டு மன்னித்தால் தலை தப்பும். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் குலம் கோத்திரமெல்லாம் கூடிப் பணம் திரட்டும். யாருக்குத் திரளாது? எத்தியோப்பியாக்காரன், பாகிஸ்தான் லேபர், நம்மைப் போல வந்தவன்.

இலங்கை மூதூர்ப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? நமக்கு எதிர்க்கரை, நம் பாஷை. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் 2005-இல் கைக்குழந்தை பாலில் மூச்சடைத்துச் செத்தது, இவள்தான் கொன்றாள் என்றார்கள். அப்போது அவளுக்கு 17 வயது, ஏஜெண்ட் பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி அனுப்பியிருந்தான். முதல் விசாரணையில் அவள் பேசியதைச் சரியாக மொழிபெயர்க்க ஆள் இல்லை. 2013 ஜனவரி 9 அன்று வாளால் வெட்டினார்கள். இலங்கை அரசாங்கம் கெஞ்சியது, குழந்தையின் தாய் மன்னிக்கவில்லை. அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சேதி வந்த அன்று எங்கள் கேம்பில் ஒருவன்கூட "ஆகா, என்ன ஒழுக்கமான ஊர்" என்று சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் இக்காமாவை, அந்த ஊரில் தங்குவதற்கான அனுமதி அட்டையை, எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டோம்.

பரமக்குடி பையன்

காக்கா, அது அரபு நாடு. இங்கே மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் இருக்கிறதே. நிர்பயா வழக்கில் 2012-இல் குற்றம், 2020 மார்ச் 20-இல் தூக்கு. ஏழு வருடத்துக்கு மேல் எல்லா வாய்ப்பும் கொடுத்துவிட்டுத்தானே போட்டார்கள்.

சாயல்குடி டீச்சர்

போட்டதால் என்ன குறைந்தது தம்பி? அதே 2020-இல் செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்து ஹத்ராஸில் இன்னொரு பெண்ணுக்கு அதே கொடுமை நடந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை.

விசைப்படகு டிரைவர்

தூக்கைப் பற்றி எனக்குப் பெரிதாக அபிப்பிராயம் இல்லை. தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையும் என்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பரிசோதனையை நம் முதுகிலேயே நடத்திக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் சவூதிக்கும் டெல்லிக்கும் போகிறீர்கள்.

முன்பெல்லாம் எல்லை தாண்டினோம் என்று இலங்கை நேவி பிடித்தால் என்ன நடக்கும்? கொஞ்ச நாள் யாழ்ப்பாணம் ஜெயில், ரெண்டு அரசாங்கமும் பேசும், படகோடு திரும்பி வருவோம். 2017-இல் இழுவை மடி வலைக்கு ரெண்டு வருட ஜெயில் என்று சட்டம் போட்டார்கள். 2018-இல் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைப் பதினேழரைக் கோடி இலங்கை ரூபாய் வரை ஏற்றினார்கள். 2024 பிப்ரவரியில் ஊர்காவற்றுறை கோர்ட்டில் டிரைவருக்கு ஆறு மாதம், ரெண்டாம் தடவை பிடிபட்டவனுக்கு ஒரு வருடம் என்று தீட்டினார்கள். அந்தக் கோபத்தில்தான் அந்த வருடம் கச்சத்தீவு திருவிழாவுக்கே இங்கிருந்து படகு போகவில்லை. சரி, தண்டனை கூடியது, போவது நின்றதா? அதே 2024-இல் ஐந்நூறு பேருக்கு மேல் பிடிபட்டார்கள்.

ஏன் என்று கேளுங்கள். ராத்திரி மடி போடும்போது எவனும் சட்டப் பிரிவை நினைப்பதில்லை. சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், வாங்கிய முன்பணம், டீசல் காசு, கடலுக்குப் போக வாரத்தில் மூன்று நாள் மட்டும் டோக்கன். நம் பக்கம் மடி போட்டால் சங்காயம் என்கிற கழிவு மீன்தான் வரும், அது டீசலுக்கே பற்றாது. இன்றைக்கு நேவி அந்தப் பக்கம் இருக்காது என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பினால் பிடிபடுவான், பலித்தால் இறால். ஜெயில் ஆறு மாதமா ரெண்டு வருடமா என்பது பிடிபட்ட பிறகு வருகிற கவலை.

இன்னொன்றும் பாருங்கள், ஜெயிலுக்குப் போவது நான். படகுச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்.

ஓலைக்குடா ராஜா

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், டிரைவர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். "கடுமையாகத் தண்டித்தால்தான் அடங்குவான்" என்று யாழ்ப்பாணத்து மீனவர்கள் நம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள். நம் இழுவை மடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது, கடலடியை வாரிக்கொண்டு போகிறது. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நாம்தான் இரக்கமில்லாத குற்றவாளி.

பாம்பன் சம்மாட்டி

என்னைப் போன்றவர்களைத் திட்டுவது தெரிகிறது, பரவாயில்லை. டிரைவர் தம்பி பாதியைத்தான் சொன்னார். ஜெயிலுக்கு யாரும் பயப்படவில்லை என்பது நிஜம். ஆனால் பிடித்த படகைத் திருப்பித் தராமல் அரசுடைமை என்று அறிவிக்க ஆரம்பித்தார்களே, அது வேலை செய்தது. என் படகு ஒன்று காரைநகர்ப் பக்கம் வெயிலில் பிளந்து கிடக்கிறது, கடன் மட்டும் இங்கே உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிறகு நான் டிரைவரிடம் "அந்தப் பக்கம் போனால் வேலைக்கு வராதே" என்று சொல்லிவிட்டேன். என்னைப் போல இன்னும் சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஆக, தண்டனை பலிக்காது என்று ஒரேயடியாக எழுதாதீர்கள். யாருக்கு வலிக்க வேண்டுமோ அவனுக்கு வலித்தால் பலிக்கும்.

வேதாளை வாசி

சம்மாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது, அதை அட்டைக்குப் போட்டுப் பாருங்கள். கடல் அட்டையை 2001-இல் புலி, யானையோடு ஒரே பட்டியலில் சேர்த்தார்கள். எடுத்தால் மூன்றிலிருந்து ஏழு வருடம். எதிர்க்கரையில் லைசென்ஸ் வாங்கிப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள், ஏற்றுமதி செய்கிறார்கள். இங்கே முங்கி எடுக்கிறவன் கைதாகிறான், அவித்துக் காய வைக்கிற கூலிப் பெண் கைதாகிறாள். வாங்கி அனுப்புகிறவனை நான் கோர்ட் வாசலில் பார்த்ததே இல்லை. சட்டம் இறுக இறுகச் சரக்கின் விலைதான் ஏறியது, விலை ஏறியதால் எடுக்க ஆள் கூடியது.

கஞ்சா, ஐஸ் எல்லாம் இதே கதைதான். 2024 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் 99 கிலோ ஹாஷிஷ் பிடித்தார்கள். பிடிபட்டவர்கள் படகில் இருந்தவர்கள். வணிக அளவு என்றால் குறைந்தது பத்து வருடம், ஜாமீன் கிடைப்பதே கஷ்டம். படகுக்குள் இருந்தவனுக்கு அந்தச் சரக்கில் எத்தனை சதவீதம் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

உச்சிப்புளி மாமா

அதற்காகக் கடத்துகிறவனுக்கு மாலை போடச் சொல்கிறாயா? என் தெருவில் ரெண்டு பையன்கள் ஐஸ் போட்டுவிட்டு அம்மாவையே அடிக்கிறார்கள். அந்தப் பொடியை இறக்கியவன் கூலியோ முதலாளியோ, எனக்கு ஒன்றுதான்.

தொண்டி வக்கீல்

மாமாவின் கோபம் நியாயம். இலங்கை அதே கோபத்தில்தான் போதைக்குத் தூக்கு வைத்தது, ஆனால் 1976-க்குப் பிறகு அங்கே யாரையும் தூக்கிலிடவில்லை. நம் ஐந்து பேர் உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2019-இல் சிறிசேன போதை வழக்குக் கைதிகள் நான்கு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்துப் போட்டார், தூக்குப் போடுகிறவர் வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரமே கொடுத்தார்கள், அங்கே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதே சிறிசேன பதவி முடிகிற நேரத்தில், அதே 2019 நவம்பரில், கொழும்பில் ஓர் இளம்பெண்ணைக் கொன்று மரண தண்டனை வாங்கிய வசதியான வீட்டு ஆளுக்கு மன்னிப்புக் கொடுத்தார். நாடே கொதித்தது, 2024-இல் அந்த மன்னிப்பையும் நீதிமன்றம் ரத்து செய்தது. கயிறு ஏழைப் பக்கம், மன்னிப்பு பணக்காரன் பக்கம். நான் தூக்கை எதிர்ப்பதற்கு இரக்கத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

வடகாடு அக்கா

ஏழை ஏழை என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கிறது. செத்தவர்கள் யார்? பாசி எடுக்கிறவளும் ஏழைதான். அவளுக்காக எந்தப் பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது?

சரி, சென்னை முகலிவாக்கத்தில் கொல்லப்பட்ட குழந்தைக்கு வாருங்கள். 2017-இல் நடந்தது. செங்கல்பட்டில் தூக்கு, உயர் நீதிமன்றமும் தூக்கு. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை. அந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

தொண்டி வக்கீல்

பதில் இல்லை அக்கா, அதுதான் கொடுமை. தூக்கு கேட்டுத் தெருவில் கத்தினார்கள், போலீஸும் அவசரப்பட்டது, கோர்ட்டும் அவசரப்பட்டது. அந்த ஆளுக்கு ஒழுங்காக வாதாட நேரம் கொடுக்கவில்லை, சாட்சியத்தில் ஓட்டை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தையைக் கொன்றது யார் என்பதற்கு இன்றைக்குச் சட்டத்தில் விடையே கிடையாது. அவன்தான் செய்தான் என்றால் அவசரம் அவனைத் தப்பவிட்டது. அவன் இல்லை என்றால் செய்தவனை யாரும் தேடவே இல்லை. ரெண்டில் எது என்றாலும் தோற்றது அந்தக் குடும்பம்தான். பெரிய தண்டனை கேட்கிற வழக்கில்தான் விசாரணை இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும், நாம் அதற்கு நேர் எதிராகச் செய்கிறோம்.

சாயல்குடி டீச்சர்

பள்ளிக்கூடத்தில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன், வக்கீல் சார் சட்டத்தைச் சரி பார்க்கட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற போக்ஸோ சட்டத்தில் 2019-இல் தண்டனையை ஏற்றினார்கள், பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் குறைந்தது இருபது வருடம், சில வழக்குகளில் தூக்கு வரைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளையிடம் தப்பாக நடப்பவன் பெரும்பாலும் வேறு எவனோ இல்லை. சித்தப்பா, தாய் மாமன், மாடி வீட்டு அண்ணன். பிள்ளை என்னிடம் வந்து சொல்கிறாள், நான் அம்மாவைக் கூப்பிடுகிறேன். அம்மா முதலில் அழுகிறாள், அப்புறம் கேட்கிற முதல் கேள்வி: "டீச்சர், தூக்குல போட்டுருவாங்களா?" அடுத்த நாள் பாட்டி வருகிறாள், பிள்ளை ஏதோ உளறிவிட்டாள் என்கிறாள். ஒரு வாரத்தில் பிள்ளைக்கு டிசி வாங்கி வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த நேரங்களில் நான் விடுவதில்லை, சைல்டு லைன் 1098-க்குச் சொல்லிவிடுவேன், சொல்லாமல் இருந்தால் சட்டப்படி நானே குற்றவாளி. ஆனால் வீடே சாட்சியை மாற்றிச் சொன்னால் நான் என்ன செய்வது?

கோர்ட்டுக்கு வராத குற்றத்துக்கு ஏழு வருடம் இருந்தால் என்ன, எழுபது வருடம் இருந்தால் என்ன?

தொண்டி வக்கீல்

சட்டம் சரிதான் டீச்சர்.

மதுரை ஜெயில் பழைய வார்டர்

இந்த இழையை முழுசாகப் படித்தேன். மத்திய சிறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது தேவிபட்டினத்தில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் தீர்ப்பு வருகிற வரைக்கும் பேசுகிறீர்கள். எங்கள் வேலை அதற்குப் பிறகு.

முதலில், அரசாங்கச் சோறு என்று அக்கா எழுதியதைப் பற்றி. சோறு போடுகிறோம், உண்மை. நாடு முழுக்கச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் விசாரணைக் கைதிகள், 2022 கணக்கு அது. இன்னும் குற்றவாளி என்று முடிவாகாதவர்கள். நீங்கள் கோபப்படுகிற அந்தச் சோற்றில் முக்கால்வாசி அவர்களுக்குத்தான் போகிறது.

அப்புறம் நீண்ட தண்டனை. மனு பார்க்கிற நாளில், அதாவது கைதியைக் குடும்பம் வந்து பார்க்கிற நாளில், கேட் வாசலில் நின்றால் எல்லாம் தெரியும். புதிதாகத் தண்டனை விழுந்தவனுக்குக் குடும்பமே வரும். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி என்று முதல் பஸ் பிடித்து வந்து, பிஸ்கட்டும் வாழைப்பழமும் துண்டில் முடிந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். ரெண்டு மூன்று வருடத்தில் பெண்டாட்டி மட்டும் வருவாள். அப்புறம் தீபாவளி, பொங்கலுக்கு. அப்புறம் தம்பி கல்யாணப் பத்திரிகை தபாலில் வரும். பத்து வருடம் தாண்டியவனில் பாதிப் பேருக்கு மனு பார்க்க ஆளே வராது. வெளியே போனால் எங்கே போவான்? எதற்காகத் திருந்துவான்?

ஆனாலும் அவன் ஒழுங்காக இருப்பான். ஏன் தெரியுமா? செப்டம்பர் 15 என்று ஒரு தேதி இருக்கிறது. அண்ணா பிறந்தநாளுக்கு விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிகளை விட்டார்கள். அந்த வருடம் பிளாக்கில் சண்டை சச்சரவு எவ்வளவு குறைந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். கம்பளியை மடித்து வைப்பதில்கூட ஒரு நேர்த்தி வந்துவிட்டது.

பரமக்குடி பையன்

சார், நீங்கள் சொல்வது கைதிக்கு நல்லது. வெளியே இருக்கிற எங்களுக்கு? விட்ட 1,405 பேரில் பாதிக்கப்பட்டவர் வீட்டுப் பக்கத்திலேயே போய்க் குடியிருந்தவன் இருந்திருப்பானே.

மதுரை ஜெயில் பழைய வார்டர்

இருந்திருப்பான். விடுதலை செய்வதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தை யாராவது போய்ப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், நான் பார்த்த வரைக்கும் இல்லை. அது தப்புதான்.

வடகாடு அக்கா

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் சார். கேட்கக்கூட இல்லை.

என் நிலை மாறவில்லை, தூக்குத்தான் நியாயம் என்றே இப்போதும் சொல்கிறேன். ஆனால் தூக்கு என்று தீர்ப்பு எழுதி, இருபது வருடம் இழுத்து, கடைசியில் வெளியே விடுவதற்குப் பதில் வேறு வழி ஏதாவது இருந்தால் வக்கீல் சொல்லட்டும்.

தொண்டி வக்கீல்

இருக்கிறது அக்கா. 2008-இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் நடுவில் ஒரு பாதை போட்டது. தூக்குக்குப் பதிலாக, சாகும்வரை அல்லது இத்தனை வருடம் என்று குறித்து, அதற்குள் தண்டனைக் குறைப்புக் கிடையாது என்று உத்தரவு போடலாம். 2015-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஆனால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான் அப்படிப் போட முடியும். உடுமலை வழக்கில் ஐந்து பேருக்கும் 25 வருடம் குறைப்பில்லாமல் என்று போட்டது அப்படித்தான். தப்பான தீர்ப்பு என்று பின்னால் தெரிந்தால் ஆளை வெளியே விடலாம், கயிற்றில் தொங்கியவனை இறக்க முடியாது.

வடகாடு அக்கா

அப்படியென்றால் ஒரு மனு எழுதுங்கள். மூன்று விஷயம் போதும். இந்த மாதிரிக் கொலைக்கு அரசு வக்கீல் 30 வருடம் குறைப்பில்லாமல் என்று மேல் கோர்ட்டில் கேட்க வேண்டும். எவனையும் முன்கூட்டி விடுவதற்கு முன்னால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நேரில் வந்து கேட்க வேண்டும். விசாரணைக்கு வருகிற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போக்குவரத்துச் செலவு அன்றன்றைக்குக் கையில் கொடுக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எத்தனை வாய்தாவுக்கு அலைவார்கள்? சாட்சி பிறழ்வதற்குப் பாதிக் காரணம் பஸ் காசுதான்.

ஓலைக்குடா ராஜா

நான் நாலாவதாக ஒன்று கேட்கிறேன். அதே கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் முதல் நாளிலிருந்தே உருப்படியான வக்கீல். அது இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வடகாடு அக்கா

போட்டுத் தொலையுங்கள். முகலிவாக்கம் மாதிரி இன்னொன்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒத்துக்கொள்கிறேன், அவன் மேல் பாவப்பட்டு இல்லை.

மதுரை ஜெயில் பழைய வார்டர்

ரெண்டு, மூன்று, நாலுக்கு என் கையெழுத்து உண்டு. முதல் விஷயத்துக்குக் கிடையாது. முப்பது வருடம் எந்தத் தேதியும் இல்லாதவன் இருக்கிற பிளாக்கில் ராத்திரி டியூட்டி பார்க்கப் போவது உங்களில் யாரும் இல்லை. என் மருமகன் அங்கே வார்டராகத்தான் இருக்கிறான். தனித்தாளாகப் பிரித்து எழுதினால் அனுப்புங்கள்.

தொண்டி வக்கீல்

பிரித்தே எழுதுகிறேன் சார். திங்கள்கிழமைக்குள் ரெண்டு தாளும் தயாராகிவிடும்.

விசைப்படகு டிரைவர்

திங்கள் வேண்டாம், எல்லோரும் கடலில் இருப்போம். செவ்வாய் வலை பிரிக்கிற நேரத்தில் ஜெட்டிக்குக் கொண்டு வாருங்கள். அப்படியே எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளே இருக்கிற நம் பையன்களுக்கும் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பாருங்கள் சார். சம்மாட்டி தலை தெரிந்தால் அவரையும் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.